கூகைக்குப் பின்னால் தொங்கிய புடவை

இராயபுரம்,
1929, ஆவணி 12

சிரஞ்சீவி நீலாவுக்கு நைனா ராசையா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். ரங்கூனில் நீயும் குணசேகரன் மாமாவும் சுகமாக இருக்க ஒற்றியூரான் துணை.

இது ஏழாவது கடிதம். ஆறுக்கும் பதில் இல்லை. மாமாதான் கார்டு போடுகிறார். நீ தையல் கடைக்குப் போய் வருகிறாயாம், என் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாயாம். அங்கே மழை விடாது என்கிறார்கள். ஈரத்தோடு தலையை முடியாதே.

இங்கே அம்மா சோறு போடுகிறாள், பேசுவதில்லை. ஸ்டூடியோவுக்குக் கப்பலேறப் போகிறவர்கள் மட்டும் வருகிறார்கள், வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டுமே என்று. கலியாணப் படத்துக்கு ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. கூகைக்காரன் என்று பேர் வைத்துவிட்டார்கள். அம்மா காதுபடவே சொல்கிறார்கள்.

கோதண்டத்துக்கு வைகாசியில் மாதவரத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். அவன் தெருவில் போனால் நீ கதவுக்குப் பின்னால் நின்று சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் வாயால் நீ கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இனி, ஆறு கடிதத்திலும் எழுதாததை எழுதுகிறேன். நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும்.

பறவைப் புத்தகம் எழுதும் அந்தத் துரை, எண்ணூரில் பாழடைந்த உப்புக் கிடங்கில் இருக்கும் வெள்ளைக் கூகையைப் படம் பிடித்துத் தரக் கேட்டார். பறவை மட்டும் வேண்டும், மனிதர் கைபட்டது எதுவும் தெரியக்கூடாது என்றார். மூன்று நாள் போனேன். பகலெல்லாம் அது உடைந்த ஜன்னல் கட்டையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எந்த மாப்பிள்ளையும் என் முன்னால் அப்படி உட்கார்ந்ததில்லை. ஆனால் பின்னால் சுண்ணாம்புச் சுவர். வெள்ளைமேல் வெள்ளை, இரண்டு கண் மட்டும்தான் கண்ணாடிப் பிளேட்டில் விழுந்தது. நகர்ந்து வானத்தைப் பின்னால் வைத்தேன். காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது. இன்னும் நகர்ந்தால் கழிமுகத்துப் படகின் பாய்மரம் அதன் தலையில் கொம்பாக முளைத்தது. கறுப்புத் துணி ஒன்று வேண்டும். இருந்த ஒன்றும் காமிராவோடு என் தலையை மூடிக் கிடந்தது.

நாலாம் நாள், திருவொற்றியூரில் குஞ்சம் கட்டக் கொடுத்திருந்த, கோதண்டம் வீட்டார் நிச்சயத்துக்கு வைத்த உன் பரிசப் புடவையை அம்மா சொன்னபடி வாங்கிக்கொண்டு அப்படியே எண்ணூர் போனேன். அரக்குச் சிவப்பு. நம் பிளேட்டுக்குச் சிவப்புத் தெரியாது, கறுப்பாகத்தான் விழும். கிடங்கின் உள்பக்கம் கொடி கட்டி, கூகை மிரளாதபடி மெல்ல மெல்ல இழுத்துவிட்டேன். ஒரு துளி எச்சம்கூட அதன்மேல் படவில்லை.

கறுப்புத் துணிக்குள் எல்லாம் தலைகீழாகத் தெரியும், புடவைக் கரை படத்தில் விழுந்ததைக் கவனிக்கவில்லை என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கவனித்தேன், நீலா. கோதண்டத்தின் தாய் பட்டம்மாள் தானே சொல்லி நெய்யவைத்த அன்னக்கரை, கூகையின் காலடியில் வரிசையாக நின்றது. நாலு விரல் தூக்கிக் கட்டியிருந்தால் மறைந்திருக்கும். தூக்கியும் பார்த்தேன். படம் மொட்டையாக இருந்தது. மறுபடி இறக்கினேன்.

துரைக்குக் கரையை வெட்டிவிட்டு அச்சுப் போட்டுக் கொடுத்தேன். வெட்டாததைக் கடை முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். பெருமை, வேறென்ன.

மகனைப் படம் பிடிக்க அழைத்துவந்த பட்டம்மாள் அதன் முன்னால் நின்றுவிட்டாள். சத்தம் போடவில்லை. "இன்னாயா, நான் குட்த்த பொடவை கறுப்பா கீது, அதும் முன்னால கூவை குந்திகினு கீது" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் நிச்சயத் தட்டில் வந்ததையெல்லாம் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. புடவை மட்டும் வேண்டாம் என்றார்கள். அது பெட்டியில்தான் கிடக்கிறது. அம்மா அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை.

பறவை என்ன செய்யும், அபசகுனம் என்கிற அவர்கள்தான் மூடர்கள் என்று நானும் ஊரெல்லாம் பேசிப் பார்த்தேன். அவர்கள் எப்படியோ போகட்டும். உன் புடவையைக் கேளாமல் எடுத்தவன் நான்.

பிளேட்டை உடைக்க மூன்று முறை கையில் எடுத்தேன். முடியவில்லை. என் ஆயுளில் நான் எடுத்த நல்ல படம் அது ஒன்றுதான். இப்படி எழுதவும் எனக்கு வெட்கமில்லாமல் போயிற்று பார். வண்ணாரப்பேட்டை ஹபீபுல்லா பாய் அடுத்த கப்பலில் அங்கே வருகிறார். மரத்தூளில் பொதிந்து அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கரையோடு வேறு பிரதி இல்லை. கடை முகப்பில் வைத்திருந்த படத்தைக் கிழித்துவிட்டேன்.

வைத்துக்கொள் என்று சொல்லமாட்டேன். வா என்று கூப்பிடவும் எனக்கு வாயில்லை. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உடைத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது அம்மா, அது போதும்.

உன் நைனா,
ராசையா