பிடிபட்டவனின் சட்டம்

மார்ச் 4, 2025

ரோமன் சட்ட வகுப்பு. போரில் எதிரியிடம் பிடிபட்ட ரோமன், சட்டத்தின் கண்ணில் ஆளே இல்லை. தப்பி எல்லைக்குள் கால் வைத்தால் வீடு, நிலம், பிள்ளைகள் திரும்பக் கிடைக்கும். மனைவி மட்டும் தானாகக் கிடைக்கமாட்டாள். அவள் சம்மதிக்க வேண்டும். அங்கேயே செத்தால், பிடிபட்ட அன்றே செத்ததாகக் கொள்வார்கள்.

பேராசிரியருக்கு இது சுவையான விதி. எனக்கு அப்பா.

மார்ச் 5

2009இல், ஈழப்போர் முடிந்த நாளில், அப்பா இராணுவத்திடம் சரணடைந்தபோது எனக்கு ஆறு வயது. ரோமர் அதிர்ஷ்டத்தைச் சுக்கான் பிடித்த பெண்ணாகச் செதுக்கினார்கள். நாங்கள் சரணடைந்த வட்டுவாகலில் அது ஒரு சிப்பாயின் கை. அவரை அந்தப் பஸ்ஸுக்குத் தள்ளியது, எங்களை இந்தப் பக்கம்.

சாப்பிடும்போது அம்மாவுக்கு வகுப்பைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப ரோமாபுரியில பொம்பிளையளிட்டையும் கேட்டவையோ?" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மே 18

இங்கே சூரிச்சில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல். அம்மா அப்பாவின் படத்தோடு மழையில் நின்றார். ஏற்பாட்டாளர் தயாபரன் அண்ணை மேடையில் முழங்கினார்: "எங்கட பெண்கள் காத்திருப்பினம்." யாரைக் கேட்டுச் சொன்னார்? அவருடைய மனைவி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

மே 25

அம்மா யோகராஜா அங்கிளைக் கட்டப்போகிறாராம். அவர் அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சமையல்காரர். நல்ல மனிதர். அதற்கு முதலில் அப்பா திரும்பமாட்டார் என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும்.

"நீதானே எந்த நாளும் சொல்லுறனி, அப்பா இல்லையெண்டு" என்றார் அம்மா.

ஓம். கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 17

நீதிபதி என்னிடம் கேட்டார்: உங்கள் தந்தை உயிரோடு இருப்பதாக நம்புகிறீர்களா? அம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நம்புகிறேன் என்றேன். ஜெர்மன் மொழியில், தெளிவாக.

ஏன் அப்பிடிச் சொன்னனான்? திரும்பிற பஸ்ஸில அம்மா என்னை விட்டு முன் சீற்றில போய் இருந்தவ. தயாபரன் அண்ணைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நானும் குடைக்குக் கீழதான் நிண்டிருக்கிறன்.

ஜூன் 18

அம்மா விடியவே வேலைக்குப் போய்விட்டார். எனக்குச் சோறு மூடி வைத்திருக்கிறார்.

ஜூலை 8

நீதிமன்றத்துக்குத் தனியாகப் போனேன். நம்பவில்லை என்றேன்.

இனி ஒரு வருடம் அறிவித்தல் போடுவார்கள்: இவரைப் பற்றி அறிந்தவர்கள் முன்வரவும். அறிந்தவர்கள் ஜெர்மன் வாசிப்பதில்லை. யாரும் வராவிட்டால் தீர்ப்பு; கடைசியாகக் கண்ட நாளிலிருந்தே அது செல்லும். ரோமர் விதி அப்படியே. அப்படியென்றால் என் பிறந்தநாட்களில் அப்பாவுக்கென்று அம்மா எடுத்துவைத்த கேக் துண்டு யாருக்கு?

ஜூலை 24, ஆடி அமாவாசை

தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கும் நாள். அம்மா என்னை ஒருமுறையும் பிடிக்க விட்டதில்லை.

நேற்று வின்டர்தூர் தமிழ்க் கடையில் காத்தோட்டிக்காய் வாங்கி வந்து குசினி மேசையில் வைத்தேன். விரதச் சாப்பாட்டில் கட்டாயம் இருக்கவேண்டிய கசப்பு. அம்மா பையைத் திறந்து பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

இன்று பால்கனியில் காகத்துக்கு வைத்துவிட்டு எனக்குப் பரிமாறினார். பக்கத்தில் இருந்தார்.

"கைக்குதோ?"

"ஓம்."

இன்னும் கொஞ்சம் போட்டார்.