பறக்கிற மனிதனைப் பற்றி என் கருத்து

அண்ணே,

இன்று காலை காணிப் பெர்மிற்றை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. பெர்மிற்றோடு ஒரே பையில் வைத்திருந்த அந்தப் பத்திரிகைத் துண்டும் கையில் வந்தது. இத்தனை வருடமும் அதைப் பார்த்திருக்கிறேன், இன்றுதான் வாசித்தேன். ஆம், வாசித்தேன். சனசமூக நிலையத்தில் வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் வகுப்புக்கு எட்டு மாதமாகப் போகிறேன். இந்த மடலில் ஒரு வரி எழுத, ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிகிற நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும். முடிக்காமல் எழும்புவதில்லை.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் நான் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் துணுக்காய்ப் பக்கம் வந்து, ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள். அன்று உங்கள் சைக்கிளில் மல்லாவிக்குப் படம் பார்க்கப் போனோம். நெல் ஆலைக்காரர் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் மறுநாளும் அங்கேயே இருந்தன. ஆலைக் களஞ்சியத்தின் யன்னல்களைச் சாக்கால் மூடி, பட்டப்பகலை இருட்டாக்கியிருந்தார்கள். படம் ஆங்கிலம். சித்திரக் கதைப் புத்தகத்தில் வருகிற ஆளாம். பறப்பான், மலையைத் தூக்குவான். உடம்போடு ஒட்டிய உடுப்பு, முதுகில் ஒரு சால்வை.

"அண்ணே, இந்த ஆளு வேட்டிய மறந்துட்டு வந்துட்டாரா?" என்றேன்.

"பேசாமல் இரு தம்பி, பறக்கப் போறான்," என்றீர்கள்.

பிறகு மழைக் காட்சி வந்தது. ஒரு மலை சரிந்து ஊரின் மேல் இறங்குகிறது. அவன் ஒருவனே முதுகைக் கொடுத்துத் தாங்குகிறான். ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. களஞ்சியத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் சீட்டி அடித்தீர்கள். எனக்கு இருக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஆளுக்கொரு கல்லு கொண்டாந்து முட்டுக் குடுங்கய்யா."

"இருங்கோ அப்பு, படம் மறைக்குது," என்றார் பின்னால் ஒருவர்.

"மண்வெட்டி எடுத்துத் தரட்டே?" என்றார் இன்னொருவர். களஞ்சியமே சிரித்தது. நீங்களும்தான்.

திரும்பி வரும்போது படம் எப்படி என்று கேட்டீர்கள். நல்லா இல்லை என்றேன். சைக்கிளை நிறுத்திவிட்டீர்கள்.

"ஏன்டாப்பா?"

"எங்க தோட்டத்து லயத்து வீடுங்க மேல மண்ணு சரிஞ்சப்ப ஆணும் பொண்ணுமா கையாலேயே தோண்டுனோம் அண்ணே. இவங்க வாயப் பொளந்துகிட்டு நிக்கிறாங்க. அடுத்த மழைக்கு அவன் வராட்டி?"

சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்தீர்கள். பிறகு, "சரி, நீ சொல்லு, நான் எழுதிறன். பேப்பரிலை படம் பார்த்த ஆக்களின்ரை கருத்துப் போடுறவங்கள். உன்ரை பேரிலை அனுப்புவம்," என்றீர்கள்.

சில வாரம் கழித்து அந்தத் துண்டோடு வாய்க்கால் கரைக்கு வந்தீர்கள். கடைசியில் இருந்த என் பெயரை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். பிறகு முழுவதையும் வாசித்தீர்கள். மண் சரிவு, கையால் தோண்டியது, அடுத்த மழை, ஒன்றும் விடவில்லை. "அச்சிலை ஏறினது ஏறினதுதான், இனி ஒருத்தரும் மாத்தேலாது," என்றீர்கள். ஊர் முழுக்கத் தூரத்தில் பிடித்துக் காட்டினேன். கசங்கிவிடும் என்று எவர் கையிலும் கொடுக்கவில்லை.

இன்று வாசித்தால் அதில் இருப்பது மூன்று வரி. "மிக அருமையான படம். வீரன் மலையைத் தாங்கும் காட்சியில் மெய்சிலிர்த்தேன். எல்லோரும் குடும்பத்தோடு பார்க்க வேண்டும்." கீழே என் பெயர்.

எழுத்துக்களை நான்தான் பிழையாகக் கூட்டுகிறேனோ என்று மறுபடியும் வாசித்தேன். பிறகு சிரித்த சிரிப்பில் குசினியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். மூன்று வரியைப் பார்த்துக்கொண்டு அத்தனை நேரம் வாசித்தீர்களே, நான் சொன்னதையெல்லாம் ஒரு சொல் மறக்காமல் மனதில் வைத்திருந்தீர்களே. அந்தப் படம் உங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த மாரியில் குளக்கட்டு வெடித்தபோது முதலில் மண்மூட்டையோடு வந்தவர் நீங்கள்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வானத்தைப் பார்த்து, "எங்கடை ஆள் இன்னும் வரேல்லைத் தம்பி, மூட்டையை எடு," என்றீர்கள். நான் சொன்னதை நீங்கள் ஒப்புக்கொண்டதாக அன்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த மாரியில் மலேரியா உங்களைக் கொண்டுபோயிராவிட்டால், இன்று இந்தத் துண்டோடு உங்கள் வாசலுக்கே வந்து சண்டை பிடித்திருப்பேன்.

அச்சில் ஏறியதை மாற்ற முடியாது என்றீர்கள். மாற்றப் போகிறேன். என் பெயருக்கு மேல் என் கருத்து இருக்க வேண்டும். அது இதுதான்:

ஒருவன் மலையைத் தாங்குவது பெரிய காரியம். ஆனால் கீழே நின்ற அத்தனை பேரில் ஒருவரும் ஒரு கல்லை எடுக்கவில்லை. அடுத்த மழைக்கு அவன் வராவிட்டால் அந்த ஊர் என்ன செய்யும்? ஆகவே படம் எனக்குப் பிடிக்கவில்லை.

இதைப் பிரதி எடுத்து அதே பத்திரிகைக்கு அனுப்புவேன். போடாவிட்டால் மறுபடியும் எழுதுவேன். எழுத எழுதக் கை வேகமாகிறது.

அவன் முதல் தடவை தரையை விட்டு எழும்பியபோது நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அந்தப் பிடி இன்னும் இருக்கிறது. அதற்காகக் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன்.

அவன் பறந்தது நன்றாக இருந்தது. இது என் நண்பரின் கருத்து. எழுதியது நான்.