வருத்தப் பங்கு

1997 மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, மத்தியானச் சோறு தின்ற கையோடு இவர் சாய்மனைக் கதிரையில் குறட்டை. தவக்காலத்தில் குறட்டையையும் ஒறுக்க வேண்டும் என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னால் நல்லது.

கரைவலைக் காலம் தொடங்கிவிட்டது. நேற்று முதல் வலையிலேயே நல்ல சூடை மீன். ஊருக்கு இவர் இன்னாசித்தம்பிச் சம்மாட்டி. வலையும் தோணியும் எங்களுடையவை. கரையில் நின்று வலைக்கயிறு இழுத்தவர்களுக்குப் பங்கு பிரிக்கும்போது ஒரு பங்கை ஒருவருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைப்பார். அதற்குப் பெயர் வருத்தப் பங்கு. இழுக்கிற குடும்பங்களில் யாருக்காவது நோய், வருத்தம் வந்தால் ஆளை ஏற்றிப்போகிற எங்கள் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்கு மண்ணெண்ணெய், ஆசுப்பத்திரியில் இல்லாத மருந்து, படுத்தவன் வீட்டுக்கு அரிசி எல்லாம் அதிலிருந்துதான். நாங்கள் கலியாணம் முடித்த வருசம் இவர் தொடங்கிய வழக்கம். என் மனுசனில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான். அவருக்குச் சொல்ல மாட்டேன், தலைகால் தெரியாமல் ஆடுவார்.

ஏப்ரல் 3, வியாழன்

எங்கள் தென்னங்காணியின் பின்பக்கம் கொட்டில் போட்டிருப்பவர்கள் கிளிநொச்சியிலிருந்து போன வருசம் இடம்பெயர்ந்து வந்த வயல்காரர். அதில் யோகலிங்கத்தின் மனைவி இராசேஸ்வரி ஏழு மாதம். இன்று அவளுக்கு உடம்பை உலுக்குகிற குலைப்பன் காய்ச்சல். அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு யோகலிங்கம் ஆசுப்பத்திரிக்குப் புறப்பட்டதைக் கண்டு நான்தான் மறித்தேன். இவர் உடனே லான்ட்மாஸ்ரரை எடுத்தார். ஆனால் வருத்தப் பங்கைத் தொடவில்லை. எங்கள் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றினார்.

"பங்கு கயிறு பிடிச்சவையின்ர. இது என்ர" என்றார்.

விளக்கில்லை. பொழுதுபட முன்னமே சாப்பிட்டுவிட்டோம்.

ஏப்ரல் 4

இராசேஸ்வரி நன்றி சொல்ல வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நெஞ்சு இன்னும் ஆறவில்லை. தேங்காய் பொறுக்கப் போன இடத்தில் கொட்டிலை எட்டிப் பார்த்தேன். இராசேஸ்வரி சாக்குக்குள் சுருண்டு கிடக்கிறாள். தொட்டால் அடுப்பு. முந்தநாள் தொடக்கமாம்! ஏனடி சொல்லேல்லை? புருசனிட்டயும் களைப்பு எண்டு சொல்லி மறைச்சிருக்கிறாள். வயித்துக்குள்ள ஒரு சீவனை வச்சுக்கொண்டு—

அவள் சொன்னது இதுதான்: "காய்ச்சலைத் தாங்கலாம் அக்கா. ஒவ்வொருக்காலும் உங்கட வாசலில வந்து நிக்கிறதுதான் ஏலாமக் கிடக்கு."

உடனே கொண்டுபோனோம். பிள்ளையின் துடிப்பு இருக்கிறது. இன்னொரு முறை இப்படி வைத்திருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டொக்ரர் சொன்னார். வரும் வழியெல்லாம் அவள் கையை நான் விடவில்லை.

ஏப்ரல் 23

இவரோடு சண்டை. கொட்டில் சனங்களையும் வருத்தப் பங்கில் சேர்க்கச் சொன்னேன். கேட்டால் நான் கொடுக்கிறேன்தானே என்றார். அதுதான் பிழை என்றேன். அவள் கேட்க மாட்டாள், கேளாமல் செத்தும் போவாள். எல்லாருக்கும் என்று பிரித்தால் ஒருவருக்கும் காணாது, வலைக்கு முன்நின்று குரல் கொடுக்கிற ஸ்ரனிஸ்லஸ் ஒத்துக்கொள்ளவும் மாட்டான் என்றார். எல்லாரும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம், நுளம்பு கயிறு பிடித்தவனா என்று கேட்டுக்கொண்டா கடிக்கிறது என்றேன். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"கயிறு தொட்டவைக்குத்தான் பங்கு. அது ஐயா காலத்துச் சட்டம்."

தொட்டவைக்கு. சரி. பார்ப்போம்.

ஏப்ரல் 28, திங்கள்

ஐயோ, நானும் என் யோசனையும்.

வழிப்போக்கன் என்றாலும், மீன் நிறைந்த வலைமடி கரையேற முன்னம் கயிற்றில் கை வைத்துவிட்டால் அவனுக்குப் பங்கு இல்லை என்று சொல்லக்கூடாது. இந்தக் கரையின் வழக்கம் அது. ஆகவே யோகலிங்கத்தையும் மற்றக் கொட்டில் ஆண்களையும் விடியவே கரைக்கு அனுப்பினேன். நெல்லு வெட்டிய கைகள், நன்றாகத்தான் இழுத்தார்கள். ஆனால் மடி கிட்ட வந்து பாரை மீன் பளபளத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். கயிற்றை விட்டுவிட்டு அத்தனை பேரும் மீன் பார்க்க ஓடினார்கள்! கடைசி இழுவைதான் இழுவை என்று வயல்காரருக்கு யார் சொன்னது? நானும் சொல்லவில்லை. வலை ஒரு பக்கம் தொய்ந்து பாரையில் பெரும்பகுதி கடலுக்கே திரும்பிவிட்டது. ஸ்ரனிஸ்லஸ் தலையில் கை வைத்து மணலில் இருந்துவிட்டான்.

யோகலிங்கம் வந்து தங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று தலை குனிந்து நின்றார். இவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் தென்னைக்குப் பின்னால் நின்றேன். இவர் மிஞ்சிய மீனைக் கூறு போட்டார். எல்லாருக்கும் போட்டார்.

"மீன் போனால் சட்டமும் போகுமே? தொட்டனீங்கள்தானே. வருத்தப் பங்கிலயும் இனி நீங்கள் இருக்கிறியள்."

பிறகு தென்னையைத் திரும்பிப் பார்த்தார். யோசனை யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஏப்ரல் 29

காலையில் ஸ்ரனிஸ்லஸ் வந்து நின்றான். ஆண்கள் இழுத்தார்கள், சரி. வீட்டில் ஆம்பிளையே இல்லாத கொட்டில்களுக்கு என்ன? கண் தெரியாத அமராவதி அம்மா எந்தக் கயிறு தொட்டா என்று கேட்டான். ஓம், நீ சொல்வது நியாயம்தான் என்று இவர் தலையாட்டினார். நான் குசினிக்குள் போய்ச் சட்டியை அடித்து வைத்தேன்.

பின்னேரம் இவர் செய்த வேலையை எழுதவே சிரிப்பு வருகிறது. எப்போதும் கரையில் காய்கிற வலைக்கயிற்றை இழுத்துக்கொண்டு கொட்டில்களுக்கு நடுவே போனார். கரை மணல் ஈரமாம், இங்கேதான் காயுமாம், ஒருக்காப் பிடித்து உதவட்டாம். ஒவ்வொரு வாசலிலும் இதே கதை. பெண்கள் எல்லாரும் வெளியே வந்து பிடித்தார்கள். அமராவதி அம்மாவின் கையில் தானே எடுத்து வைத்தார். இராசேஸ்வரி இரண்டு கையாலும் பிடித்தாள். கரை மணலோ கால் சுடுகிற சூட்டில் கிடந்தது.

"இனி ஆர் மிச்சம்?" என்று ஸ்ரனிஸ்லசிடம் கேட்டார். அவன் சிரித்த சிரிப்பு குசினிவரை கேட்டது.

இந்த மனுசனை எனக்குத் தந்த அந்தோனியாருக்கு நாளைக்கு ஒரு மெழுகுதிரி.

மே 17

ஸ்ரனிஸ்லசின் மகளுக்கும் அமராவதி அம்மாவுக்கும் ஒரே நாளில் காய்ச்சல். லான்ட்மாஸ்ரரின் ஒரே பெட்டியில் ஏறி ஆசுப்பத்திரிக்குப் போனார்கள். பங்கு இழுபறியில்தான் ஓடுகிறது, இன்னும் சூடை வரவேண்டும்.

ஜூன் 11, புதன்

இவர் மத்தியானச் சோற்றில் கை வைத்த நேரம் இராசேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"லான்ட்மாஸ்ரரை எடுங்கோ அண்ணை."

இவர் கை கழுவினார். சேர்ட்டைத் தேடினார். பிறகு மண்ணெண்ணெய்க் கலனைத் தேடினார். அது கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணை, உந்தக் கலனை ஆயத்தமா வச்சிருக்கிறேல்லையே? எங்கட பங்குதானே!"

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். யோகலிங்கம் அழுதார், நானும் அழுதேன்.

திரும்பி வந்து ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டு இவர் ஒரே முறைப்பாடு. இந்தக் கரையில் ஒருத்தரும் தன்னை இப்படி ஏசினதில்லையாம். சம்மாட்டி என்ற மரியாதை வேண்டாமா என்றார். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

சாப்பிட்டுக் கை காய முன்னம் போய்க் கலனை நிரப்பி லான்ட்மாஸ்ரர் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார்.