இடப்பக்கம் பார்க்கும் பறவை

2007 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.40
அஹுன்ட்சிக், மொன்றியல்

பொருள்: புரூச் குத்தப்பட்டிருந்த நிலை குறித்து

மச்சாள்,

உம்முடைய மகள் றெஜினா பூசை முடிந்து இங்கே வந்து, தேநீர் குடித்துவிட்டு இப்போதுதான் புறப்பட்டாள். அவளுடைய குளிர்கோட்டில் உமது தங்கப் பறவைப் புரூச்சைக் கண்டேன். வலது பக்கத்தில் குத்தியிருந்தாள், அதுவும் தலைகீழாக.

"பிள்ளை, பறவை விழப்போகுது," என்றேன்.

குனிந்து பார்த்தாள். "விழேல்லை பெரியப்பா, டைவ் அடிக்குது."

இவ்வகைப் பதில்களை அவள் யாரிடமிருந்து பெற்றாள் என்று நான் ஆராய வேண்டியதில்லை. நீர் மறைந்து ஒன்பது மாதங்களாகின்றன. எனக்கு எரிச்சலூட்டும் ஆற்றல் உமக்கு இன்னும் குறையவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அந்தப் பறவைகளின் வரலாற்றை நீர் ஒருபோதும் ஒழுங்காகச் சொன்னதில்லை. "அம்பதிலையோ அறுபதிலையோ செய்தது," என்பீர். 1953ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் உமது தந்தையார் தம் இரு பெண்களுக்கும் ஒரே தட்டாரிடம் செய்வித்தவை அவை. சேலைத் தோளில் குத்தும் புரூச். கண்ணுக்கு ஒரு சிவப்புக் கல். உமது அக்காவாகிய என் மனைவியின் பறவை இடப்பக்கம் பார்க்கும். உம்முடையது வலப்பக்கம் பார்க்கும். சகோதரிகள் அருகருகே நிற்கும்போது பறவைகள் ஒன்றையொன்று நோக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். நீர் எப்போதும் மாறிய பக்கத்திலேயே போய் நின்றீர். எல்லாத் திருமணப் படங்களிலும் பறவைகள் இரண்டும் கோபித்துக்கொண்டு வேறு வேறு திசையைப் பார்க்கின்றன.

உமது அக்கா போன பிறகு, நான் வீட்டில் அடைந்து கிடக்கிறேன் என்று நீரே ஒரு முடிவெடுத்து, 2004 இலையுதிர் காலத்தில் என்னை அருங்காட்சியகத்தின் ஞாயிறு விரிவுரைகளுக்கு இழுத்துச் சென்றீர். இழுத்துச் சென்றவர் ஒரு தடவையாவது நேரத்துக்கு வந்ததுண்டா? ஆன்றி-பூறாசா மெற்றோ நிலைய வாயிலில் நான் காத்து நிற்க, நீர் கையில் வடைப் பொட்டலத்துடன் ஆடி அசைந்து வருவீர். "தொடங்கினால் என்ன அத்தான்? செத்து ஆயிரம் வருசமான ஆக்கள். எங்கையும் ஓடமாட்டினம்."

"ஆயிரத்து ஐந்நூறு," என்று திருத்துவேன்.

"சரி, அப்ப இன்னும் மெள்ளப் போகலாம்."

அன்றைய பொருள், ஆறாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கல்லறைகளில் கிடைத்த புரூச்சுகள். திரையில் இரு சிறு பறவைகள் தோன்றின. வளைந்த அலகு, சிவப்புக் கண். "அத்தான், எங்கடை குருவி!" என்று நீர் என் விலாவில் இடித்தீர். கண்ணில் பதித்தது கார்னெட் என்ற கருஞ்சிவப்புக் கல் என்றும், அக்காலத்துக் கற்களில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது என்றும் விரிவுரையாளர் சொன்னார். அவ்வளவுதான். நீர் எழுந்து, நீர் வேலை பார்த்த கார்டெறிக் குழந்தைக் காப்பகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளிடம் கற்ற பிரெஞ்சில், கல்லை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அவரிடம் கேட்டீர். மண்டபம் சிரித்தது. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீர் கவனமாகக் கேட்டீர் என்பதை மறுக்கமாட்டேன். பெண்கள் இரு தோளிலும் ஒவ்வொன்றாகக் குத்தி உடையைத் தாங்கினார்கள். தேய்ந்த விளிம்பு, எவ்வளவு காலம் அணிந்தார்கள் என்பதைக் காட்டும். வடிவம், எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பதைச் சில வேளை காட்டும். பின்புறத்து இரும்பு ஊசியின் துருவில் துணியின் நெசவு பதிந்திருக்கும். துணி மக்கிப்போனாலும் அந்தப் பதிவு அழிவதில்லை. பிற்பாடு சோடி வழக்கொழிந்து, மார்பின் நடுவே ஒற்றைப் புரூச் வந்தது. "அப்ப மற்றதை ஆருக்குக் குடுத்தவை?" என்று என் காதில் கேட்டீர்.

நம் சண்டை தொடங்கியது அதன் பிறகுதான். சில கல்லறைகளில் இரு தோள்களிலும் இருந்த புரூச்சுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வறுமை, அல்லது கவனக்குறைவு என்றேன்.

"அக்கா தங்கச்சி பங்கு பிரிச்சிருப்பினம்."

"ஆதாரம்?"

நீர் உமது இடது தோளில் குத்தியிருந்த பறவையைத் தட்டிக் காட்டினீர். ஒரே ஓர் எடுத்துக்காட்டு ஆதாரமாகாது என்று மெற்றோவில் வீடு வரும்வரை விளக்கினேன். நீர் வடையைச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்: "அது கிடக்கட்டும். செத்த மனிசி தானே எழும்பிக் குத்திக்கொண்டவ? ஆரோ பக்கத்திலை நிண்டு குத்தியிருக்கினம். அவையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே, அத்தான்?"

அவர்களைப் பற்றி அறிய வழியில்லை என்றேன். அதோடு நீர் விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தக் கிறிஸ்மசுக்கு மறுநாள் என் சமையலறையில் நின்று சொன்னீர்: "என்னைப் புதைக்கேக்கை இந்தப் புரூச்சைக் கழட்ட விடாதேங்கோ. பேந்து தோண்டுறவைக்கு ஏதும் வேணுமெல்லே."

நம் ஆட்களில் நகையைக் கழற்றிவிட்டுச் செபமாலையை மட்டும் கையில் கொடுப்பதே வழக்கம் என்றேன். "தெரியும். மற்ற ஆக்கள் வழக்கம் எண்டு விட்டிடுவினம். நீங்கள் ஒரு சொல்லைப் பிடிச்சால் விடாத ஆள்." பாராட்டா, ஏச்சா என்று தெரியாமல் ஒப்புக்கொண்டேன்.

இனி உமது பெருங்குற்றத்துக்கு வருகிறேன். கடந்த பெப்ரவரியில் மலர்ச்சாலையில், பெண்கள் உமக்குச் சேலை உடுத்தி, என் சொற்படி புரூச்சையும் குத்திவிட்டு வெளியே வந்த பிறகு, றெஜினா என் கையைப் பிடித்தாள். "பெரியப்பா, அம்மா புரூச்சை எனக்குத் தாறன் எண்டு சொன்னவ. ஆசுப்பத்திரியிலையும் சொன்னவ." அவள் பொய் சொல்லும் பிள்ளையல்ல. நானும் பொய் சொல்பவனல்ல. ஒரே பொருளை இருவருக்குக் கொடுத்துவிட்டு, பெட்டிக்குள் மிக அமைதியாகப் படுத்திருந்தீர். எழுப்பி விசாரிக்க முடியுமானால் விசாரித்திருப்பேன்.

வாடகைக் காரில் வீட்டுக்குப் போய், அலுமாரி இழுப்பறையிலிருந்த உமது அக்காவின் பறவையை எடுத்து வந்தேன். எமக்குப் பெண்பிள்ளை இல்லாதபடியால் அது என்னிடமே இருந்தது. ஞாயிறுகளில் மெல்லிய துணியால் துடைத்து வைப்பேன்.

"இது பெரியம்மான்ரை எல்லோ?" என்றாள் றெஜினா. "உங்களுக்கு வேண்டாமே?"

"எனக்கு நகை போடுற பழக்கமில்லை."

உமது புரூச்சைக் கழற்றினேன். அதன் கொளுவி தளர்ந்து எத்தனை ஆண்டுகள்! திருத்தித் தருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம் "பேந்து, பேந்து" என்றுவிட்டு, பின்னால் ஒரு சட்டை ஊசியைக் குத்திச் சமாளித்தீர். பறவையை உமது மகளிடம் கொடுத்தேன். உமது அக்காவின் பறவையை உமது இடது தோளில், நேராக, தலை மேலே இருக்கும்படி குத்தினேன். நேராக நிற்கிறதா என்று இரு தடவை சரிபார்த்தேன். றெஜினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண் உறைந்திருந்தபடியால் மே மாதம்வரை உம்மைச் சேமக்காலையில் அடக்கம் செய்யவில்லை. கல்லில் எந்தத் திகதியை வெட்டுவது என்று அதற்கும் நான் ஒரு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது நிலைமையைப் பாரும். எப்போதோ ஒருநாள் யாரோ தோண்டுவார்கள். இடப்பக்கம் பார்க்கும் பறவை கிடைக்கும். அது இந்தப் பெண்ணுடையது என்று எழுதுவார்கள், பிழை. கொளுவி தளராமல் இருப்பதை வைத்து, இவள் பொருட்களைப் பேணுபவள் என்பார்கள். அதைவிடப் பெரிய பிழை. யாழ்ப்பாணத்துக்கும் மொன்றியலுக்கும் பெரும் வணிகம் நடந்ததென்றும் ஒருவர் நிறுவக்கூடும். வாழ்நாளெல்லாம் பிறருடைய திகதிகளைத் திருத்திய நான், தெரிந்துகொண்டே ஒரு தவறான ஆதாரத்தை மண்ணுக்குள் வைத்திருக்கிறேன். அந்தப் பொருந்தாத சோடிகளை இப்போது நினைக்கும்போது, வறுமையோ கவனக்குறைவோ எனக்குத் தோன்றுவதில்லை. பெட்டியருகே நின்று, இரண்டு வாக்குகளையும் காப்பாற்ற வழி தேடி, வாய்க்குள் ஏசியபடி ஊசியைக் குத்திய ஒருவன்தான் தோன்றுகிறான். பங்கு பிரிவினை என்ற உமது கருத்து, அப்போதும் இப்போதும், நிறுவப்படவில்லை.

இந்த ஞாயிறும் துடைப்பதற்கான துணியை எடுத்து வைத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

இணைப்புகள்:

(அ) இரு புரூச்சுகளின் முன்புற, பின்புற வரைபடம், உண்மையான அளவில். எது எங்கே உள்ளது என்று கீழே குறித்திருக்கிறேன்.

(ஆ) 2004ஆம் ஆண்டு விரிவுரைத் தாள். எண்ணெய்க் கறை உம்முடையது.

(இ) இன்று வாசலில் எடுத்த றெஜினாவின் படம். பறவை தலைகீழாகவே இருக்கிறது. நான் திருத்தவில்லை.

உமது புரூச்சைத் தாங்கிய சட்டை ஊசி இணைக்கப்படவில்லை. அது என் கோட்டின் உட்புறத்தில், இடது பக்கத்தில், குத்தியிருக்கிறது.