அக்கா வீட்டு மெத்தை

என்னங்க,

விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் அக்காவும் மாமாவும் வலைக் கொட்டகையில், வெறும் சிமெண்டுத் தரையில் படுத்திருக்கிறார்கள்! "நாங்க பக்கத்து வீட்டுல படுத்துக்கறோம்"னாங்களே, அத்தனையும் பொய்.

ஹோட்டல் செலவு மிச்சம் என்று தீவுக்கு வந்து ஒரு வாரம் டேரா போட்டிருக்கிறோம். அது போதாதென்று நேற்று அக்கா காதுபட, "மெத்தை மேடும் பள்ளமுமா இருக்கு"ன்னு நான் வேறு சொல்லித் தொலைத்தேன். நீங்கள் முகம் கொடுக்காமல் திரும்பிப் படுத்தது நியாயம்தான்.

அக்காவோடு மீன் வாங்கப் போகிறேன். ரொட்டி மூடி வைத்திருக்கிறது, சாவி ஜன்னலில். மாமாவிடம் எதையும் கேட்டு வைக்காதீர்கள். இன்றிலிருந்து கொட்டகை நமக்கு. காற்று வேண்டும், அங்கே படுத்துக்கொள்கிறோம் என்று நீங்களே பேச்சை ஆரம்பியுங்கள்.

பி.கு.: நான் படுத்த பக்கம் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். மேடு என்றேனே, அது அவர்களுடைய போர்வைகள். இருந்த அத்தனையையும் மடித்து நமக்கு அடியில் போட்டிருக்கிறார்கள்.