நான் தூங்கிக் கழித்த பாண்டிச்சேரி

நேற்று மத்தியானம் கேண்டீனில் எங்கள் லைனில் வேலை செய்யும் அக்கா ஒருத்தி வீட்டிலிருந்து கடலை மசாலா கொண்டுவந்திருந்தாள். அவித்த வேர்க்கடலையில் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் அரிந்து போட்டு, எல்லோருக்கும் நடுவில் டப்பாவைத் திறந்து வைத்து, அதன் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். "எடுத்துக்கமா, இன்னா பாத்துகினே கீற?" என்றாள். எனக்குக் கை போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் ஒரகடம் கம்பெனியில் இல்லை. பாண்டிச்சேரியில், இருட்டான ஒரு ஏசி அறையில், உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. என் மாமியாரிடம் போய், 'அத்தே, கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒருதரம் பாருக்குப் போயிருக்கிறேன்' என்று சொன்னால், அன்றைக்கே பெட்டியைக் கட்டி என்னைச் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற்றிவிடுவார். அதனால் உனக்கே எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவளுக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

சுங்குவார்சத்திரத்தில் நாம் இருந்த வீடு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு அறை, பத்துப் பெண்கள், ஐந்து பாய். பகல் ஷிஃப்ட்காரி எழுந்து போனால் ராத்திரி ஷிஃப்ட்காரி வந்து அதில் படுப்பாள். உனக்கும் எனக்கும் ஒரே பாய், ஒரே தலையணை. வேலையிலும் அதே கதைதான். செல்போன் போர்டை லென்ஸ் வழியாகப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற ஒரே இடத்துக்குத்தான் நம் இரண்டு பேரையும் பழக்கியிருந்தார்கள். நீ நகர்ந்தால் நான் நிற்பேன், நான் நகர்ந்தால் நீ நிற்பாய். பகலும் ராத்திரியும் வாரா வாரம் மாறும். நாம் எதிரெதிர் ஷிஃப்டில் இருப்பது மட்டும் மாறாது. வார விடுமுறை யாருக்கு வந்தாலும், பாய் ஒன்றுதான் என்பதால், அவள் பிள்ளைப்பாக்கத்தில் இருந்த உன் சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்கார அம்மா வாசல் பெருக்கும்போதெல்லாம் சொல்லுவார்: "இன்னாடி இது, ஒருத்தி எழுந்தா ஒருத்தி படுக்குறா. அந்தப் பாயிக்கும் ஒரு நாளு லீவு குடுங்கடி."

ஷிஃப்ட் மாறுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு. தலையில் குல்லா, வாயில் மாஸ்க். கண் மட்டும் தெரியும். "சாப்ட்டியா?" என்பேன். "சாப்ட்டேன். ரசம் தீஞ்சு கெடக்கு, ஊத்திக்கிறாத" என்பாய். அதற்குள் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான் நம் சிநேகிதம். ஆனால் உன் கண்ணை வைத்தே ஊரிலிருந்து போன் வந்ததா, யாரோடு சண்டை போட்டாய், எப்போது அழுதாய் என்றெல்லாம் கண்டுபிடித்துவிடுவதாக எனக்கு ஒரு பெருமை இருந்தது. வீடு நிறையப் பெண்கள் இருந்தும் எனக்கு உன்னோடு உட்கார்ந்து பேசத்தான் ஆசை. அதுதான் நடக்காது.

பிறகு ஒருநாள் மெஷின் மாற்றப்போகிறோம் என்று லைனையே நிறுத்தி எல்லோருக்கும் விடுமுறை விட்டார்கள். இரண்டு வருடத்தில் நமக்குச் சேர்ந்தாற்போல் வந்த ஒரே நாள் அது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து நான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், நீ தலைவாரிப் பொட்டு வைத்துத் தயாராக நிற்கிறாய்.

"பாண்டிக்குப் போவம்டி. கடலு பாக்கணும். நல்ல ஓட்டல்ல ஒக்காந்து திங்கணும். கோயில்ல யான இருக்காம், தும்பிக்கைய தலையில வைக்குமாம்."

"ஏட்டி, நான் இன்னும் தூங்கவே இல்ல."

"தூக்கம் நாளைக்கும் வரும்டி. லீவு வருமா?"

பல்லைத் தேய்த்துவிட்டு, போட்டிருந்த சுடிதாரோடு கிளம்பிவிட்டேன். காஞ்சிபுரம் போய் பாண்டிச்சேரி பஸ் பிடித்தோம். வழியெல்லாம் நீ பேசினாய். உன் அண்ணன் பெண் பார்த்துவிட்டு வந்த கதை, சித்தி வீட்டு மாடு வேலி தாண்டின கதை. நான் கதையைக் கேட்டதைவிட உன் வாயைப் பார்த்ததுதான் அதிகம். மேல்வரிசையில் உனக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. மாஸ்க்குக்குள்ளேயே இருந்ததால் அது எனக்கு மறந்தே போயிருந்தது. சிரித்தால் அது முதலில் வெளியே வந்து நிற்கும், அழகாக இருக்கும்.

பாண்டியில் இறங்கியதும் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு, "கலியாணத்துக்குப் போறவரு மாதிரியில்ல நிக்கிறாரு" என்று என் விலாவில் குத்தினாய். மஞ்சள் சுவர்களையும் அவற்றின் மேல் கொட்டிக்கிடந்த காகிதப்பூவையும் பார்த்துக்கொண்டு கால் போன தெருவில் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏசி என்று எழுதியிருந்த முதல் கதவைத் தள்ளிக்கொண்டு நீ உள்ளே போனாய். போர்டில் ரெஸ்டாரண்ட் என்பதற்குப் பக்கத்திலேயே பார் என்றும் எழுதியிருந்தது. இரண்டு பேரும் படிக்கவில்லை. தினமும் லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண்கள் வேறு!

உள்ளே கண் பழகியபோதுதான் தெரிந்தது, மேசைக்கு மேசை ஆண்கள். அத்தனை பேரும் நம்மைப் பார்த்தார்கள். "ஏட்டி, வெளிய வா, இது வேற எடம்" என்று உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை. பரிமாறுகிற பெரியவர் ஓடிவந்தார்.

"யம்மா, ஃபேமிலி ரூம் மாடில கீது, அங்க போங்க."

"ஃபேமிலி இல்லண்ணே, நாங்க ரெண்டு பேருதான். சோறு இருக்கா?"

"கீதும்மா. மீன் கொழம்பு கீது."

"அப்ப இங்கயே குடுங்க. சம்பாதிக்கிறோம்ல, ஒக்காந்து திங்கக் கூடாதா?"

பெரியவர் தோளில் கிடந்த துண்டால் மூலை மேசையைத் துடைத்து, மின்விசிறியை நம் பக்கம் திருப்பிவிட்டார். அப்போதுதான் நீ என் கழுத்தைப் பார்த்தாய். ராத்திரி மாட்டிய கம்பெனி அட்டை, போட்டோவோடு தொங்கிக்கொண்டிருந்தது. "ஏன்டி, பாருக்கும் பஞ்ச் பண்ணிட்டுத்தான் வருவியா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரரும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் நம்மைக் கண்டுகொள்ளவில்லை. அவரவர் தம்ளர் அவரவர்க்கு.

முதலில் வந்தது அந்தக் கடலை மசாலா. கேட்காமலேயே எல்லா மேசைக்கும் வைப்பார்கள்போல. பிறகு பெரியவர் வந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நமக்கு ஒருத்தரு தண்ணி ஊத்துறாருடி" என்று மெல்லச் சொன்னாய். கேண்டீனில் தட்டோடு வரிசையில் நின்று, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவள், அன்றைக்கு மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டாய். நான் முடித்த பிறகும் நீ பாதியில்தான் இருந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

ராத்திரி முழுக்க நின்ற காலும், ஏசியும், வயிறு நிறையச் சோறும் சேர்ந்து என்னை அடித்துப் போட்டுவிட்டன. கோயில் நடை சாத்தியிருந்தது, சாயங்காலம்தான் திறப்பார்கள் என்றார்கள். அதுவரைக்கும் கடல் பார்ப்போம் என்று கடற்கரைச் சாலைக்கு வந்தோம். ஒரு பழைய கட்டடத்தின் நிழலில், கடலுக்கு எதிரே இருந்த திட்டில் உட்கார்ந்தோம். "செத்த நேரம் கண்ண மூடிக்கிடுதேன்ட்டி" என்று உன் மடியில் தலை வைத்தேன்.

கண் திறந்தபோது சாலையில் விளக்குப் போட்டிருந்தார்கள். உன் துப்பட்டா என் முகத்தின் மேல் கிடந்தது. உடனே ஓடினால்தான் பஸ். கோயிலுக்குப் போகவில்லை, யானையைப் பார்க்கவில்லை. சாலையைத் தாண்டினால் கடல், அதில் கால்கூட நனைக்கவில்லை நீ. பிறந்ததிலிருந்து அன்றுவரை கடலைப் பார்க்காதவள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏன்ட்டி எழுப்பல? கூறு இருக்கா ஒனக்கு? எல்லாத்தையும் பாக்கணும்னுதான வந்த?"

நீ எழுந்திருக்கப் பார்த்து, கால் மரத்துப்போய், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "ரெண்டு வருசமா ஒரே பாயில படுக்குறோம். நீ தூங்கி நான் பாத்ததே இல்லடி. வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குற, எச்சி வடியுது."

"சீ."

"கடலையும் பாத்தேன், ஒன்னையும் பாத்தேன். போதும்டி."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசே ஆறவில்லை. மறுநாளே சூப்பர்வைசரிடம் போய், நம் இரண்டு பேரையும் ஒரே ஷிஃப்டில் போடச் சொல்லிக் கேட்டேன். அவர் காஞ்சிபுரத்துக்காரர், நல்ல மனுஷன்தான். "இன்னாம்மா இது, இஸ்கூலா? ஃப்ரெண்டு பக்கத்துலதான் உக்காருவேன்னு கேட்டுகினு நிக்கிற. ரெண்டு பேருக்கும் ஒரே வேலதான் தெரியும், எப்டி சேத்துப் போடுறது? யாராச்சும் ஒருத்தி பேக்கிங் கத்துக்கினா பாக்கலாம்" என்றார். இதை நான் உன்னிடம் சொல்லி முடிப்பதற்குள், "நான் கத்துக்கிறேன்" என்றாய். அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிந்த பிறகும் பேக்கிங்கில் போய் நின்றாய்.

மழை தொடங்கியிருந்தது. ஒருநாள் ராத்திரி நான் வந்து படுத்தால் தலையணை ஈரம். தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே படுத்திருக்கிறாள் கழுதை என்று திட்டிக்கொண்டே திருப்பிப் போட்டுப் படுத்தேன். மறுநாளும் ஈரம். ஷிஃப்ட் மாறும்போது உன் கண் சிவந்திருந்தது. "என்னட்டி?" என்றேன். "தூக்கம் இல்லடி" என்றாய். தூக்கமில்லாத கண் நமக்கென்ன புதுசா? நீ லைனில் மயங்கி விழுந்த பிறகுதான் அது காய்ச்சல் வேர்வை என்று தெரிந்தது. பக்கத்தில் படுத்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்பேன். ஒரு பாயில் படுக்கிறவர்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

உன் அண்ணன் வந்து உன்னைச் சிவகங்கைக்குக் கூட்டிப் போனார். அந்த வாரத்திலேயே சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, நீ திரும்பி வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் என்று சொன்னார். கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்ததும் உனக்குப் போன் போட்டேன். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நெசமாவா?"

"சத்தியமாட்டி."

"அப்ப இன்னொரு பாயி வாங்கணும்டி." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "கோரப் பாயா வாங்கு. பிளாஸ்டிக்கு வேர்க்கும்."

அன்றைக்கே வாங்கினேன். சுவரோரம் சுருட்டி நிறுத்தி வைத்தேன். அடுத்த வாரம் ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால், உன் அண்ணன் பலதடவை கூப்பிட்டிருந்தார். ஊர் உலகத்துக்கெல்லாம் போன் செய்து கொடுக்கிறோம், நம் போன் மட்டும் லாக்கரில். திரும்பக் கூப்பிட்டேன், அவர் எடுத்தார். பின்னால் கேட்ட ஒப்பாரியில் தெரிந்துகொண்டேன். உடுத்திய துணியோடு பஸ் ஏறினேன்.

இப்போது எனக்குப் பகல் வேலை மட்டும்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு. புருஷன் நல்லவர். பாண்டிச்சேரிக்கு ஒருதரம் போய்வருவோமா என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்கிறேன். ஒரே ஒரு நாள் கிடைத்தது, அதையும் தூங்கிக் கெடுத்தேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

போன வாரம் வேலை முடிந்து வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். யார் என்றுகூடத் தெரியாது. என் நிறுத்தம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டே போனேன். கொஞ்சமும் அலுக்கவில்லை. 'போதும்டி' என்று நீ அன்று சொன்னது என்னைச் சமாதானப்படுத்த இல்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

உன் மடியில் நான் அவ்வளவு நேரம் கிடந்தேன். உனக்கு அப்படி ஒரு மடி கொடுக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. உங்கள் ஊருக்கு நான் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. நான் வரட்டும் என்றுதான் எடுக்காமல் வைத்திருந்தார்களாம். உன் அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உன் தலைமாட்டில் உட்கார வைத்தார். நீ கண்ணை மூடிப் படுத்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.