இரண்டு வாசல் கோட்டை

மச்சான்,

இன்று காலை ஒஸ்லோ போகிற வழியில், ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலேறிய சீட்டுப் பரிசோதகரிடம் நான் பாஸ்போட்டை நீட்டிவிட்டேன். சீருடையைக் கண்டதும் கை தானாகவே உள்பையைத் தேடிப் போயிற்று. மாதச் சீட்டைக் காட்டினால் போதும் என்றார் அவர், மரியாதையாகத்தான். எனக்கு முகம் சுட்டது. நீ இருந்திருந்தால் ஒரு கிழமைக்கு என்னைப் பகிடி பண்ணியிருப்பாய். அதற்கு உனக்கு உரிமையும் இருந்தது.

நாம் பெய்ஜிங் போனது, ஊரில் சண்டை நின்றிருந்த சமாதானக் காலத்தில். ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் அந்தக் கோடையில் யாழ்ப்பாணம் போனார்கள். நகரின் ஓரத்தில், ரொம்சோஸில் ஒரே அறையில் படுத்தெழும்பிய நாமிருவர் மட்டும் சீனாவுக்குச் சுற்றுலா போனோம். "சீனாவுக்குப் போக வழி தெரிஞ்சவனுக்கு வீட்டை வர வழி தெரியேல்லையோ?" என்று உன் அம்மா தொலைபேசியில் கேட்டாவாம். நீதான் சொன்னாய், சிரித்துக்கொண்டே.

பெய்ஜிங்குக்கு வெளியே, வான்பிங் கோட்டை வாசலில் சீருடைக்காரர் ஒருவர் நின்றார். நீ தொப்பியைக் கழற்றி, பாஸ்போட்டை இரண்டு கையாலும் நீட்டி, தலை குனிந்து நின்றாய். அவர் ரிக்கற் கிழிக்கிறவர். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். நான் சிரித்திருக்கக் கூடாது.

உள்ளே ஒரு நீளத் தெரு, சுற்றிவர மதில். ஜப்பான்காரரோடு நடந்த சண்டையில் குண்டு பட்ட இடங்களை வழிகாட்டிப் பெண் காட்டிக்கொண்டிருந்தாள். நீ அங்கே பார்க்கவேயில்லை. "வாசல் ரெண்டுதான் மச்சான். ரெண்டையும் பூட்டினா எங்காலை போறது?" என்றாய். உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கும் மூச்சு முட்டியது, சொல்லவில்லை. மற்ற வாசலால் கிட்டத்தட்ட ஓடித்தான் வெளியே வந்தோம்.

பழைய பாலம் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கைபிடிச் சுவரிலும் வரிசையாகக் கல்லுச் சிங்கங்கள். "சிங்கக்கொடிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடினா, இஞ்சையும் சிங்கமடாப்பா," என்றாய். அப்போதுதான் உனக்கு மூச்சு வந்தது. நடுப்பாலத்தில் நின்று, வற்றிய ஆற்றைப் பார்த்தபடி கேட்டாய்:

"ஊருக்குப் போற பாதையிலை, ஓமந்தைச் சோதனைச் சாவடியிலையும் உப்பிடித்தான் தலை குனிஞ்சு நிக்கவேணும். தனிய ஏலாது. நீ கூட வந்தா அம்மாவைப் போய்ப் பாத்திடுவன். வருவியே?"

"லீவு கிடைக்கோணுமே. வாற வருசம் பாப்பம்," என்றேன்.

லீவு இருந்தது, மச்சான். உனக்கிருந்த அதே பயம்தான் எனக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன். நீ திரும்பக் கேட்கவில்லை. வாற வருசமும் போயிற்று. அதற்கடுத்த வருசம் பாதையைப் பூட்டிவிட்டார்கள். உன் அம்மா செத்த செய்தி வந்த அன்று நீ என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஓடி வந்த எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாய். நீ ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். இந்த மாரியில் நீயும் போய்விட்டாய்.

"வருவியே?" என்று நீ கேட்டதைத்தான் நான் காவித் திரிகிறேன். பாதையை இப்போது திறந்துவிட்டார்களாம். ஊரில் என் அக்கா கண் தெரியாமல் இருக்கிறா, வரச் சொல்லிக் கேட்கிறா. தனிய எனக்கும் ஏலாது, மச்சான். கூட வா என்று கேட்க எனக்கு நீ ஒருவன்தான் இருந்தாய்.